பிராண்ட் கவுனைப் பிரித்த காலை

லேஸும் கொசுவமுமாகக் குடைபோல் விரிந்து நிற்கும் லொலிடா கவுன் என்றால் எனக்குப் பைத்தியம். என்னிடம் இருந்தவை எல்லாம் நானே தைத்தவை. முதன்முறையாக, ஜப்பானிலிருந்து ஒரு பிராண்ட் கவுனை வரவழைத்தேன். அளவு சிறியதுதான். சேலை ரவிக்கைபோல் உள்ளே துணி விட்டிருப்பார்கள், பிரித்துக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

தெப்ரா வட்டாரத்தில் எங்கள் லொலிடா தோழிகளின் தேநீர் விருந்தன்று காலை, பக்கத் தையலைப் பிரித்தேன். உள்ளே பிரித்துவிடக் கூடுதல் துணியே இல்லை.

அக்கா எட்டிப் பார்த்துப் பதறினாள். "அலமாக், இதப் போயி பிரிச்சியா? நீ தச்சத போட்டுட்டுப் போ லா."

நான் தைத்திருந்த கவுனும் இப்போது இறுக்கம்தான். ஆனால் அதில் இரண்டு விரல் துணி உள்ளே இருந்தது. பிரித்து, மறுபடி தைத்து, மாட்டிக்கொண்டு ஓடினேன்.

விருந்தில், பிராண்ட் தவிர வேறெதுவும் உடுத்தாத தோழி மெதுவாகக் கேட்டாள்: "என்னோடதும் டைட்டா இருக்கு. கொஞ்சம் லூஸ் பண்ணித் தர்றியா?"

அவளுடையதைத் தொடுமுன், நான் பிரித்துவைத்த என் பிராண்ட் கவுனுக்கு இருபுறமும் என் லேஸை வைத்துத் தைத்து அகலமாக்கிவிட்டேன். அடுத்த விருந்துக்கு அதுதான். இப்போதெல்லாம் கவுன் வாங்குமுன் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது உள்தையலின் படம்.