இரண்டு பேரின் ரத்தப் பரிசோதனை

மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்போர்ஷனுக்கு அவள் குடிவந்தபோது எனக்கு மூன்று மாதம். அவளுக்கும் மூன்று மாதம்தான். ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அரசாங்கத்திடம் கடையைப் பறிகொடுத்துவிட்டு, கணவனோடு கப்பலேறி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என்னை அக்கா என்பாள். மத்தியான வேளைகளில் கிணற்றடியில் உட்கார்ந்து, யாருக்கு எது குமட்டுகிறது என்று பேசிச் சிரிப்போம். அவள் வீட்டில் மீன் கொதித்தால் என் மாமியார் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

ஐந்தாம் மாதத்தில் எனக்கு நாலைந்து நாள் ஜுரம் அடித்தது. கழுத்தில் நெறி கட்டியது. மாத்திரை சாப்பிட்டேன், விட்டுவிட்டது. அதன்பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அவளுக்குப் பையன் பிறந்தான். பத்து நாள் கழித்து எனக்குப் பெண். நாலு மாதத்தில் அவள் பையன் கிலுகிலுப்பை போகிற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பினான். என் பெண் சத்தம் கேட்டால் மட்டும் திரும்பினாள்.

கண் டாக்டர் சின்ன விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுக்கும் பின்னால தழும்பு இருக்கும்மா. வயித்துல இருக்கும்போதே வந்த கிருமி. டாக்ஸோபிளாஸ்மான்னு பேரு."

"மருந்து கிடையாதா?"

"இருக்கு, தரேன். ஆனா விழுந்த தழும்பை எடுக்க முடியாது."

பூனை மூலமாகவும் சரியாக வேகாத இறைச்சி மூலமாகவும் அது பரவும் என்றார். என் கணவர் அதை வீட்டில் வந்து சொன்னதுதான் தாமதம், மாமியார் எழுந்துவிட்டார்.

"நம்மாத்துல யார் மாமிசம் சாப்பிடறா? அவளோட ஒட்டிண்டு இருக்காதேன்னு அப்பவே சொன்னேனோல்லியோ!"

பின்போர்ஷன்வரை கேட்டிருக்கும். மறுநாள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என் ரத்தத்தையும் பாக்கச் சொல்லுங்கக்கா. என்னாலதான்னா எனக்குத் தெரிஞ்சாகணும்."

இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மாமியார் வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி அவர்களைக் காலி பண்ண வைத்துவிட்டார். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதில் வந்ததும் டாக்டர் விளக்கினார். அவளுக்கு அந்தக் கிருமி பல வருஷம் முன்பே வந்து போயிருக்கிறது. அதன் எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருந்ததால்தான் அவள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வந்தது கர்ப்ப காலத்தில், புதிதாக. ஆளிடமிருந்து ஆளுக்கு இப்படி ஒட்டாது.

"தோட்ட வேலை செய்வேளா?"

கொல்லையில் நானே கொத்தமல்லிப் பாத்தி போட்டிருந்தேன். தெருப் பூனைகள் அங்கேதான் மண்ணைப் பறித்து மலத்தைப் புதைக்கும். கொத்தமல்லியைக் கிள்ளி, பேருக்கு ஒரு அலசு அலசி, பச்சையாகவே பயத்தம்பருப்புக் கோசுமல்லியில் போட்டுத் தின்றேன். அவளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

"அதுவாத்தான் இருக்கும்னு சொல்ல முடியாது. இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' என்னைத் தூங்கவிடவில்லை. மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

அவள் இருக்கிற இடத்தை விசாரித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோடம்பாக்கம் போனேன். ஒற்றை அறை வீடு. என்னைப் பார்த்ததும் பாய் விரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். தன் ரத்தத்தைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"பாப்பாவுக்குப் பார்வை வருமாக்கா?"

"ஓரக்கண்ணால கொஞ்சம் தெரியும்கறா. அவ்வளவுதான்."

என் பெண்ணை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை தலையைச் சாய்த்து அவள் முகத்தைத் தேடியது. அவள் மெல்ல நகர்ந்து, குழந்தைக்குத் தெரிகிற பக்கமாகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அழத்தான் முடிந்தது.