வரதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பெருமாள்

என் மகன் வரதனைப் போலீஸார் பிடித்தபோது அவன் மடியில் இருந்தது சுண்டைக்காய் அளவு அபினி. எல்லை பிரித்ததில் திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போய், நகரிப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம் அது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அவன் திருடன் இல்லை. வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்தது. புத்தூர்க் கட்டு போட்டு எலும்பு கூடிவிட்டது. வலிக்கென்று யாரோ கொடுத்த அபினி மட்டும் அவனை விடவில்லை. திருத்தணி டாக்டர் கொடுத்த சீட்டுக்கு அங்கே கடையில் அளந்து கொடுத்தார்கள். எல்லை மாறியதும் அந்தச் சீட்டு இங்கே செல்லாது என்றார்கள். அங்கே மருந்து, நகரியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் குற்றம்.

நானும் பார்க்காத வழி இல்லை. பெருமாள் படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். மூன்று முறை செய்தான். மூன்று முறையும் மீறினான். அதன்பிறகு பூஜை அறைக்குள் வரவே பயந்தான்.

லாக்கப்பில் அபினி இல்லாமல் வாந்தி, பேதி. எத்தனை முறை என்று எண்ணினேன். பதினொன்றுக்கு மேல் முடியவில்லை.

"நைனா, உடம்பெல்லாம் எறும்பு ஊறிக்கினு கீது. கடுகளவு வாங்கினு வா நைனா."

பக்கத்து அறைக் குடிகாரன் சிரித்தான். "பெரியவரே, எனக்கும் அரை கிளாஸ் சேத்து வாங்கினு வா!"

ஆறு மாதம் உள்ளே போவான் என்றார் வக்கீல். இந்த உடம்போடு போனால் பிணமாகத்தான் வருவான். படித்தவன் நான், மனு எழுதத் தெரியும். யாருக்கு எழுதுவது? ஸ்டேஷன் வாசலில் நின்று திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்தேன். "கோவிந்தா, அவனைத் திருத்து என்று இனிக் கேட்கமாட்டேன். சாகவிடாதே."

மறுநாள் கோர்ட்டில் அவனால் நிற்க முடியவில்லை. மாஜிஸ்ட்ரேட் அவனையே பார்த்தார். "முதலில் டாக்டர் பார்க்கட்டும்" என்று சித்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே டாக்டரிடம், "உங்கள் எதிரிலும் சத்தியம் செய்யச் சொல்கிறேன்" என்றேன்.

"ஏமண்டி, ஜுரம் வந்தவன்கிட்டயும் சத்தியம் வாங்குவீங்களா?" என்றார் அந்தத் தெலுங்கு டாக்டர்.

அபினியை அவரே அளந்து கொடுத்தார். வாரா வாரம் குறைத்தார். அவர் எழுதியதைப் படித்த மாஜிஸ்ட்ரேட், சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்து விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு வரதன் வீட்டுக்கு வந்தான். பிறகும் ஒருமுறை தவறினான். ஆனால் ஒளியவில்லை. "நைனா, டாக்டரைப் பாத்துக்கினு வரேன்" என்று தானே பஸ் ஏறினான். நாலு வருஷமாகத் தொடவில்லை என்பது என் கணக்கு. இப்போது நிலத்துக்குப் போகிறான். அவன் வரக் கொஞ்சம் நேரமானால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்கிறேன். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு இருக்கிறான். அதற்கே தினமும் கும்பிடுகிறேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஊருக்குப் பயந்து மறைக்காதீர்கள். தண்டித்தால் திருந்துவான் என்று ஸ்டேஷனுக்கும் இழுக்காதீர்கள். டாக்டரிடம் ஒப்படையுங்கள். பிறகு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே கோவிந்தனைக் கூப்பிடுங்கள். ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்ற எனக்கே அந்த மாஜிஸ்ட்ரேட்டாகவும் டாக்டராகவும் வந்தான். உங்களுக்கும் வருவான்.