பங்கருக்குள் வெடித்த வைன்

புளிப்பும் இனிப்பும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசம்... குண்டுவீச்சுக்கு ஒளிய நிலத்தில் வெட்டிய எங்கள் பங்கருக்குள் அதுதான் இருந்தது.

அச்சுவேலியில் அப்பாவும் பெரியப்பாவும், தங்கள் தகப்பன் நட்ட முந்திரிகை, அதாவது திராட்சைக் கொடிகளிலிருந்து கத்தோலிக்கக் கோயில் பூசைக்கு வைன் செய்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் கொழும்பிலிருந்து ஒன்றும் வராது. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பூசைக்கு எங்கள் வைனை விட்டால் வேறு இல்லை.

பொம்மர் விமானம் குண்டு போட்டால் சாறு ஊறும் சாடிகள் நொறுங்கிவிடும் என்று பெரியப்பாவுக்குப் பயம். சாறு நுரைத்து அடங்கும் முன்பே பழைய சாராயப் போத்தல்களில் ஊற்றி, தக்கையைக் கம்பியால் இறுக்கி, பங்கருக்குள் அடுக்கிவிட்டார்.

"பிள்ளையள் இருக்கிற இடத்தைப் போத்தலுக்குக் குடுத்திட்டியள்," என்றார் அம்மா.

"ஒரு மாசம்தானே, கொஞ்சம் ஒடுங்கி இருங்கோவன்," என்றார் பெரியப்பா.

ஒரு காலை பொம்மர் வந்தது. எல்லோரும் உள்ளே. திடீரென்று காதருகே... படார்!

"குண்டு உள்ளுக்கை விழுந்திட்டுது! ஓடுங்கோ!" என்று யாரோ அலறினார்கள்.

குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் போனவர்கள், பங்கருக்குப் பயந்து முற்றத்துக்கு ஓடினோம். தலைக்கு மேல் பொம்மர் சுற்றுகிறது. பெரியப்பாவின் சட்டை முழுக்கச் சிவப்பு.

"அண்ணை!" என்று அப்பா கத்தினார்.

பெரியப்பா கையை நக்கிப் பார்த்தார். "கத்தாதை. வைன்."

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். அன்றே போத்தல்கள் எல்லாம் வெளியே வந்தன. பெரியப்பா முகத்தில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தக்கைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். சில வெடித்தன. மிஞ்சியது நத்தாருக்குப் போதுமாக இருந்தது.

பூசை முடிந்ததும் சுவாமியார் கேட்டார், "என்ன, இந்தமுறை நாக்கிலை குத்துது?"

"செய்முறை பிழைச்சுப் போச்சு சுவாமி," என்று பெரியப்பா தலைகுனிந்தார்.

போன மாதம், பிரான்சில் ஷாம்பெயின் வைன் செய்யும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம். சுண்ணாம்புக்கல்லைக் குடைந்த நிலவறை... உள்ளே அதே வாசம்.

அந்த வீட்டு மகள்தான் சுற்றிக் காட்டினாள். வைனை மூடிய போத்தலுக்குள்ளேயே நுரைக்க விடுவதுதான் அவர்களின் வித்தையாம். முன்பெல்லாம் போத்தல்கள் வெடிக்குமாம், வேலையாட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு போவார்களாம். போர்க்காலத்தில் ஊர்ச்சனம் இங்கேதான் ஒளிந்திருந்ததாம்.

"அப்போது போத்தல் வெடித்தால் வெளியே ஓடினார்களா?" என்று கேட்டேன்.

இதுவரை யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றாள்.

பெரியப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் இன்னும் அச்சுவேலியில், அதே வீட்டு வளவில்தான். கொடிகள் இல்லை, பங்கரும் மூடியாயிற்று.

"அப்ப நான் பிழை விடேல்லை... அவையின்ரை போத்தல் என்ன தடிப்பு எண்டு பாத்தனியோ, பிள்ளை?"

"பாக்கேல்லை, பெரியப்பா."

"அதையெல்லோ பாத்திருக்க வேணும்!"