பிள்ளை மடுவத்தின் இரண்டாவது ஷரத்து

புதிதாக வரும் ஜூனியர்களிடம் டிரஸ்ட் கோப்பைக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். நோக்கம் என்ன, பயன் யாருக்கு, டிரஸ்டைக் கலைத்தால் சொத்து எங்கே போகும். இரண்டாவதை நான் கற்றுக்கொண்டது கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்.

1. துறையின் கேள்வி

குன்னூரில் ஒரு ஆடிட்டரிடம் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எஸ்டேட் தன் குழந்தைகள் காப்பகத்தை மூடியதும், கொழுந்து பறிக்கும் பெண்களே டிரஸ்ட் பதிந்து ஒன்றை நடத்தினார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். அங்கே பழகிய பெயரில் அதைப் பிள்ளை மடுவம் என்றார்கள். கூரை ஒழுகியது. 12A, 80G என்ற வரிவிலக்குப் பதிவு இருந்தால் புதுக்கூரை போட்டுத் தருவதாக ஒரு கம்பெனி சொன்னது. விண்ணப்பித்தோம். வருமான வரித் துறை கேட்டது: பயனாளிகள் பொதுமக்களா, குறிப்பிட்ட சில குடும்பங்களா?

நியாயமான கேள்விதான். டிரஸ்ட் பத்திரமான டீடின் இரண்டாவது ஷரத்தில் லயத்துக் குடும்பங்களின் பெயர்களை எழுதி, ‘இவர்களின் பிள்ளைகளுக்கு’ என்று முடித்திருந்தார்கள்.

“டிரஸ்டிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத் திருத்திரலாமுங்க. டிரஸ்ட் தலைவியம்மாதான் மாட்டேங்கறாங்க. நேர்ல போயிட்டு வாங்க” என்றார் ஆடிட்டர்.

2. தொட்டில்

தலைவி செல்லம்மா சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். தொட்டில் ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த ஷரத்து…”

“அக்காவா? எனக்குப் பேத்தி இருக்கு, புள்ள” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “பேரை எடுக்க மாட்டேன். கப்பல்ல எறங்குனதுல இருந்து எங்க போனாலும் லிஸ்டுல பேரு இல்லைன்னுதான் சொன்னாங்க. இது நாங்களே எழுதுனது. இன்னைக்கு எடுத்தா, நாளைக்கு எங்க புள்ளைக்கு எடமில்லைன்னுவாங்க.”

தொட்டிலில் இருப்பது யார் குழந்தை என்று கேட்டேன்.

“ஜார்கண்டுல இருந்து கொழுந்து எடுக்க வந்த பொண்ணோடது. பேரு வாயில நுழையல. முத்துன்னு கூப்புடுறேன், திரும்பிப் பாக்குறான்.”

மத்தியானம் அந்தப் பெண் பால் கொடுக்க வந்தாள். வெளியே தூறல். உள்ளே வராமல் வாசலில் நின்று கையை நீட்டினாள்.

“தெனம் இப்புடித்தான். வான்னா வரமாட்டா. உள்ள என்ன புலியா இருக்கு?”

அவள் சுவரைக் காட்டினாள். அங்கே டீடில் இருந்த அதே குடும்பங்களின் பெயர்கள் பெயின்டில் இருந்தன. “பேரு… நம்ம பேரு இல்ல” என்றாள்.

செல்லம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து தன் பாயில் உட்கார வைத்தார். குழந்தையை மடியில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“எங்க பேரு வேற எங்கயாச்சும் இருக்கலாமா?”

“இருக்கலாம். முன்னுரையில, டிரஸ்ட்டைத் தொடங்கினவங்கன்னு. ஷரத்துல, இந்தப் பகுதியில வேலை செய்யற எல்லாரோட குழந்தைகளும்னு. அதுல உங்க பிள்ளைங்களும் உண்டு.”

“மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“இப்பத்தான் தோணுச்சு.”

“சரி, டீயக் குடிச்சிட்டு எழுது.”

3. கூரை

திருத்தப் பத்திரம் பதிவானது. துறையின் உத்தரவும், மழைக்கு முன்பே கூரையும் வந்தன. பிறகு போனபோது, சுவரில் பெயர்களுக்கு மேல் ‘தொடங்கியவர்கள்’ என்று எழுதியிருந்தது. முத்துவின் அம்மா அந்தச் சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் ஜூனியர்களிடம் சொல்கிறேன்: ஒருமுறை நேரில் போங்கள். உள்ளே இருப்பவர்கள் யார் என்று டீடு சொல்லிவிடும். வெளியே நிற்பவர் யார் என்பது வாசலுக்குப் போனால்தான் தெரியும்.