ரேவா வீட்டு ஆண்மரம்

நெவில் ஸ்டானிச் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஆனால் கெரிகெரி ஊர் அவரை அதற்காக நினைவில் வைத்திருக்கவில்லை. ஆகாத ஊரில் ஆகாத மரத்தை வளர்க்கிற மனிதர் என்றால்தான் தெரியும். தென்னை வைத்தார், ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. மறுபடி வைத்தார், மறுபடி போயிற்று. மடகாஸ்கர் பனை வைத்தார், சாலமன் தீவுப் பாக்கு வைத்தார். அங்கே நடுக் குளிர்காலம் ஜூலை. புல்மேல் வெள்ளையாக உறைபனி விழும் இரண்டு மூன்று நாட்கள் போதும், வருடம் முழுவதும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது வெந்த கீரையாகத் துவண்டு தொங்கும். அவர் மனைவி ஐரிஸின் படுக்கை விரிப்பு, கம்பளி, கல்யாணத்துக்கு வந்த மேசை விரிப்பு எல்லாம் அந்த மாதம் தோட்டத்தில்தான் கிடக்கும்.

"இந்த வீட்ல மரத்துக்குத்தான் மொதல் போர்வை. மிச்சம் இருந்தா எனக்கு" என்பார் ஐரிஸ்.

சாகாமல் நின்றது மெழுகுப் பனை ஒன்றுதான். ஆண்டிஸ் மலைக்காட்டு மரம், தண்டெல்லாம் மெழுகு பூசினதுபோல் வெளுப்பு. எங்கிருந்தோ வரவழைத்த ஒரு பொட்டலம் விதையில் முளைத்தவை இரண்டே இரண்டு. ஊரில் பனை வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் எல்லோரும் மதிக்கிற வழக்கம், அரிய கன்று எதையும் ஒரே வீட்டில் வைப்பதில்லை. ஒரு தோட்டத்தில் பனி கொன்றாலும் இன்னொரு தோட்டத்தில் பிழைத்துக் கிடக்கட்டும் என்பது கணக்கு. அதனால் ஒன்றைத் தன் வீட்டில் நட்டு, மற்றதை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ரேவா டவுடாரியிடம் கொடுத்தார்.

ரேவா கிவிப் பழக் கொட்டகையில் பழம் தரம் பிரித்தவர். இளம் வயதிலேயே புருஷனை இழந்து, மேரே என்ற ஒரே மகளை வளர்த்து ஆளாக்கியவர். அவர் சிரித்தால் ஓடை தாண்டி நெவில் வீட்டு நாய் குரைக்கும். அவருக்கும் நெவிலுக்கும் எந்நேரமும் வாய்ச்சண்டைதான், ஆனால் ஒரு நாள் பார்க்காவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது.

"உன் மரம் என்னய்யா இப்படி நோஞ்சானா நிக்குது? ஐரிஸ் உனக்குப் போடற சாப்பாட்டையே அதுக்கும் போடுறாளா?"

"உன் மரம் உன்னை மாதிரி. சும்மா ஒசந்து நிக்கும், வேலைக்கு ஆகாது."

இப்படியே இருந்திருக்கலாம். ஒரு தோட்டத் திறப்பு நாளில் எல்லாம் கெட்டது. வருடம் ஒருமுறை சங்கத்தார் ஒருவர் தோட்டத்தை மற்றவர் போய்ப் பார்ப்பார்கள். அன்று ரேவா வீட்டில் கூட்டம். நெவிலின் மரத்தைவிட ரேவாவுடையது ஒரு முழம் உயரம். ஆக்லாந்திலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்துகொண்டிருந்தபோது நெவிலுக்குப் பொறுக்கவில்லை. "இது என் மரம்தான். எடம் இல்லாம இங்க வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். தேநீர்த் தட்டோடு ரேவா பின்னால் நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை.

"அப்படியா?" என்றார் ரேவா. "அப்போ மண்வெட்டி கொட்டாயில இருக்கு. எடுத்துட்டு வந்து உன் மரத்தைத் தோண்டிட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் சிரித்து, "தப்பாச் சொல்லிட்டேன் ரேவா" என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியேறினார். அவர் வந்து சமாதானம் சொல்லட்டும் என்று இவரும், இவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவரும் இருந்ததில் வருடங்கள் ஓடின. வீம்புக்கு வேறு உரம் வேண்டியதில்லை. தானாக வளரும்.

கடைசியில் நெவிலின் மரம் பூத்தது. கன்று வைத்து முப்பது வருடத்துக்கு மேல். பெண்மரம். மெழுகுப் பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மகரந்தம் இல்லாமல் பெண்ணில் காய் நிற்காது. அதே வசந்தத்தில் ரேவா மரமும் பூத்தது, அது ஆண். சங்கச் செயலாளர் டெரக் துள்ளிக் குதித்து ஓடிவந்தார்.

"நெவில், அதிர்ஷ்டம்னா இதுதான்யா. ஒரு டம்ளர் மகரந்தம் போதும். போய்க் கேளு, அவங்க மாட்டேன்னு சொல்ற ஆளா?"

"யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்லை. மரம் எங்க போகப்போகுது? அடுத்த வருஷமும் பூக்கும்."

அவர் மனம் உள்ளுக்குள் கிடந்து தவித்ததை ஐரிஸ் அறிவார். தன் மண்ணில் விளைந்த விதையைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இத்தனை வருட ஆசை. எழுபது தாண்டிவிட்டது. அந்த வாரமே நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை முடிந்து வீடு திரும்பியபோது பூ உதிர்ந்திருந்தது. சில வாரம் கழித்து அண்ணாந்து பார்த்தால், கொத்தாகப் பச்சைக் காய்.

தெரியாதவனாக இருந்தால் யாரோ மகரந்தம் போட்டிருக்கிறார்கள் என்று உடனே நினைப்பான். நெவிலுக்குப் படிப்பு அதிகம். சில பனைகளில் அபூர்வமாகப் பெண் குலையிலேயே நாலைந்து ஆண்பூவும் வரும் என்று எங்கோ படித்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார். "என் மரம் யார் தயவும் இல்லாமக் காய்ச்சிருக்கு" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். டெரக் கூரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் ரேவா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காய் பழுத்து, விதை முளைத்து, இரண்டு இலை விட்டது. வழக்கப்படி அந்தக் கன்றுகளை ஆளுக்கு ஒன்றாகச் சங்கத்தாருக்குக் கொடுக்க வேண்டும். டிசம்பர்க் கூட்டத்துக்குப் பெட்டி நிறையக் கன்று கொண்டுபோனார். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். ரேவா பெயரைச் சொல்லவில்லை. பெட்டியில் ஒரு கன்று மிச்சம் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதை வண்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். வரும் வழியிலேயே அவருக்கு உறுத்தியது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவேயில்லை.

மறு குளிர்காலத்தில் ரேவா போய்விட்டார். சளி என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. மராயில், அவர் இனத்தாரின் பொதுக்கூடத்தில், மூன்று நாள் கிடத்தியிருந்தார்கள். பாட்டும் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. ஒவ்வொருவரும் எழுந்து, பெட்டிக்குள் இருந்த ரேவாவைப் பார்த்து நேராகப் பேசினார்கள், திட்டினார்கள், கேலி செய்தார்கள். நெவில் கூடத்தின் கோடியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தபோது எழுந்தார். பெட்டி வரை போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து, இடுகாட்டு வாசலில் கை கழுவிக்கொண்டு வண்டிக்கு வந்தார்கள். ஐரிஸ் வண்டியைக் கிளப்பவில்லை.

"உன் மரத்துக்கு மகரந்தம் போட்டது அவதான்" என்றார்.

"என்னது?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. பூவை வெட்டி, பேப்பர்ல காயவச்சு, பழைய காலுறையில போட்டுக் கட்டி எடுத்துட்டு வந்தா. அந்த முழங்காலோட நம்ம ஏணியில ஏறினா. நான்தான் கீழே புடிச்சுக்கிட்டு நின்னேன். மூணு நாள் வந்தா, விடாம."

நெவில் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் சொல்லல?"

"அவ சத்தியம் வாங்கிட்டா. 'நான்னு தெரிஞ்சா காயை எல்லாம் பறிச்சு எறிஞ்சிடுவான், நெஞ்சு வேற சரியில்ல. தானா காய்ச்சதுன்னே பீத்திக்கிட்டுத் திரியட்டும்'னா. கன்னு கொடுத்த அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். அவ பொட்டி முன்னாடி உன்னை அப்படிப் பார்த்தப்போ நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நானும் வாயை மூடிக்கிட்டேன், நெவில். அது என் பாவம்."

கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய பேச்சு அவருக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டவரை நினைத்தார். வீடு வரும்வரை அழுதார். ஐரிஸ் தடுக்கவில்லை.

மறுநாள் காலை அந்த மிச்சக் கன்றை எடுத்துக்கொண்டு ஓடை தாண்டிப் போனார். அத்தனை வருடத்தில் முதல் முறை. மேரே துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நெவில் அங்கிள், வாங்க. எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்" என்று அவளே தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஆண்மரத்துக்குப் பத்தடி தள்ளி, வாழை நிழலில் ஒரு குழி. ஓரமெல்லாம் சரிந்து, பாதிக்குச் சருகும் மழைத் தண்ணீரும் கிடந்தது.

"டிசம்பர்க் கூட்டத்துக்குக் கிளம்புன அன்னைக்குக் காலைல அம்மா தோண்டுனாங்க. நெவில் இன்னைக்குக் கன்னு தருவான், கோடை முத்துறதுக்குள்ள வச்சிடணும்னு."

நெவில் கன்றை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். "திரும்பி வந்து என்ன சொன்னா?"

"குழியை மூடிடட்டுமான்னு நான்தான் கேட்டேன். வேணாம், கெடக்கட்டும், எப்படியும் வருவான்னாங்க. அதுக்கப்புறம் மழை பேஞ்சு மண்ணு சரியறப்பல்லாம் போய் வெட்டி விட்டுட்டு வருவாங்க. படுக்கையில விழுற வரைக்கும்."

அவர் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டார். தண்ணீர் சில்லென்றிருந்தது. சருகைப் பிடி பிடியாக அள்ளி வெளியே போட ஆரம்பித்தார். மேரே மண்வெட்டி கொண்டுவரப் போனாள்.