ஐந்தருவியும் வாராந்திர ஊசியும்

என் வீட்டுக்காரர் இன்று ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றார். குளிப்பதற்காக அல்ல, பசிக்காக.

சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து வாரம் ஒரு ஊசி போடுகிறார். அது ரத்தக்குழாய்களையும் காக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னபோது நான்தான் அதிகம் மகிழ்ந்தேன். மாமனார் மாரடைப்பில் போனவர்.

ஆனால் ஊசி போட்டதிலிருந்து இவருக்குப் பசியே இல்லை. "சீசன்ல அருவியில குளிச்சும் பசிக்கலைன்னா, ஊசியே வேண்டாம்" என்று காலையில் சபதம் செய்தார்.

நடுங்கிக்கொண்டே பரோட்டாக் கடைக்குப் போனோம். நாலு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சொன்னார். அரைப் பரோட்டாவிலேயே இலையைத் தள்ளிவிட்டார்.

கடைக்கார அண்ணாச்சி பதறி வந்தார். "என்ன சார், சால்னா சரியில்லையா?"

"சால்னா அருமை அண்ணாச்சி. எல்லாம் ஊசி பண்ணுத வேலை. இன்னையோட அதை விடப்போறேன்."

டாக்டர் சொன்னதைச் சொல்லி நான் அண்ணாச்சியிடம் முறையிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"விட்டுராதீய சார். எனக்கு அடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு. என் கடை பரோட்டாவ நான் மோந்துதான் பாக்கேன். நீங்க அரையாவது தின்னீயள்லா?"

 இவர் இலையை என் பக்கம் நகர்த்தினார். "ஏட்டி, ஞாயித்துக்கிழமை ஊசிய நீயே ஞாபகப்படுத்து."

சந்தோஷத்தில் மிச்சம் மூன்றரையையும் நானே தின்றேன். நானும் அருவியில் குளித்தவள்தானே!

ஊசி ஒருவருக்கு, எடை இன்னொருவருக்கு. இது எங்கள் வீட்டில் மட்டும்தானா?