காதைத் திருக முடியாத பிள்ளை

பெற்ற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுமை இருக்கும்? புவாலைக்கு அந்தச் சோதனை ஞாயிறுதோறும் வாய்த்தது.

தாய்லாந்தில் உத்தரதித் பக்கத்துச் சிற்றூரில் குழந்தைகள் காப்பகத்து ஆயா அவள். நாற்பத்தொரு வயது. ஆயாவாகவே காலத்தை ஓட்ட அவளுக்கு மனமில்லை, டீச்சராக வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் வார இறுதி வகுப்பில் இடம் பிடிக்க வேண்டும், இடம் கிடைக்கப் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். ஆறாவதோடு நின்றுபோனவள், பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சேர்ந்து, அடுப்பையும் அல்ஜீப்ராவையும் சேர்த்துக் கிண்டிக் கடைசிப் பருவம்வரை வந்துவிட்டாள். குழுவாக ஒரு பாடம் சொல்லிக் காட்டினால் முடிந்தது. குழுவில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் மொத்தக் குழுவுக்கும் மார்க் கிடையாது. பல்கலைக்கழக விண்ணப்பமும் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்தார்கள். புவாலையோடு மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் பிரயூன் வந்தான். மூன்றாவதாக வந்த சீட்டைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது. அவள் பெற்ற பிள்ளை கோல்ஃப்.

அந்த விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத தகப்பன் ஆசையாக வைத்த பேர் அது. அந்தத் தகப்பன் போன துக்கத்தில் பதினைந்து நாளைக்கு என்று பிக்குவாகிக் காவி உடுத்தியவன், இரண்டு வருஷமாகியும் கழற்றவில்லை. பாதியில் விட்ட படிப்பை முடிக்கச் சொல்லிப் பெரிய பிக்கு இங்கே அனுப்பிவைத்தார். அம்மாவும் பிள்ளையும் ஒரே வகுப்பு. அவன் முன்னால் தனி இருக்கையில், அவள் பின்னால்.

டெங்குக் கொசு பற்றிய பாடம் அது. ஊரில் எத்தனை வீட்டுப் பானையில் புழு இருந்தது என்று படம் வரைந்து சொல்வது கோல்ஃப் பங்கு. மூன்று வாரமாக அவன் பென்சிலைத் தொடவில்லை.

பிக்குவோடு ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பேசக்கூடாது. அதனால் சவாரியை விட்டுவிட்டு வரச்சொல்லி பிரயூனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கிவிட்டு ஆரம்பித்தாள்.

"சாமி, அந்தப் படம் என்னாச்சுங்க?"

"பார்க்கலாம்மா. முதல்ல உங்க மனசுல இருக்கிற எரிச்சலை விடுங்க. எரிச்சல் நெருப்பு மாதிரி."

"நெருப்பை வச்சதே நீங்கதானேங்க."

பிரயூன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். வெளியே வந்ததும் புவாலை பல்லைக் கடித்தாள். "காவி மட்டும் இல்லேன்னா இன்னைக்கு அந்தக் காது என் கையில இருந்திருக்கும் அண்ணே."

"விடு தங்கச்சி. காது இல்லாத சாமியை ஊர் ஏத்துக்காது."

மறுநாள் விடியற்காலையில் பிட்சைக்கு வரிசையாக வந்த பிக்குகள் அவள் வாசலில் நின்றார்கள். பாத்திரத்தில் போட்டதை பிக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. புவாலை கோல்ஃபின் பாத்திரத்தில் ஒட்டரிசிச் சோறும் மீன் வறுவலும் வைத்து, அதன்மேல் சுருட்டிய சார்ட் தாளையும் கலர் பேனாக்களையும் செருகினாள். பிறகு மண்டியிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டாள்: "இந்தப் புண்ணியத்தால என் குழுவில இருக்கிற சோம்பேறிக்கு நல்ல புத்தி வரட்டும்."

மற்ற பிக்குகள் நகர்ந்துவிட்டார்கள். கோல்ஃப் ஆசி சொல்லிவிட்டும் நகரவில்லை. குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"படம் எப்பவோ வரைஞ்சாச்சும்மா."

"அப்புறம் என்னங்க கேடு?"

"நின்னு பேசணுமே. ஸ்கூல்ல அப்படி நின்னப்போ பேச்சே வரல. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் நான் போகல. நீங்க சோம்பேறின்னு அடிச்சீங்க."

"கோயில்ல அவ்வளவு கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்றீங்களே?" என்று கேட்டாள் புவாலை.

"அங்க யாரும் என் மூஞ்சியைப் பார்க்கிறதில்லம்மா. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

அன்று முழுக்கக் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரயூன் தன் பங்கை உளறிக் கொட்டினான். புவாலை தன் பங்கை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கோல்ஃப் சார்ட்டை மாட்டிவிட்டுத் திரும்பினான். வகுப்பே அவனைப் பார்த்தது. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மார்க் போட உட்கார்ந்திருந்த அரிசா டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான்கு வருஷப் படிப்பு கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் புவாலைக்கு அந்த நேரத்தில் பல்கலைக்கழகம் நினைவில் இல்லை, பிள்ளையின் காய்ந்த உதடுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்றால், பிக்குவைப் பெற்ற தாயும் தொடக்கூடாது. அவள் சட்டென்று தரையில் மண்டியிட்டாள், கைகூப்பிக் கண்ணை மூடினாள். பிரசங்கம் செய்யும்படி பிக்குவை அழைக்கிற பாலி வரிகளை ராகம்போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு கணம் வகுப்பு விழித்தது. பிரயூன் மண்டியிட்டுக் குரல் சேர்த்தான். பிறந்ததிலிருந்து கேட்ட வரிகள், யாருக்கு வாய் சும்மா இருக்கும்? மற்றவர்களும் கீழே இறங்கிக் கைகூப்பினார்கள். எல்லாக் கண்ணும் மூடியது.

கோல்ஃப் இருக்கையில் சம்மணமிட்டான். தொண்டையைச் செருமினான். போதிமரத்தடிக் கதையை இழுத்துச் சொல்கிற அதே குரலில், வடக்குத் தெருவின் பூந்தொட்டிகளில் கொசுப் புழு வளர்ந்த கதையை ஆரம்பித்தான். ஒரு தெருவை விடவில்லை. இடையில் பேராசையின் கேடு பற்றியும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டான். முடித்ததும், பிரசங்கத்துக்குச் சொல்கிற மாதிரியே வகுப்பு மொத்தமும் "சாது" என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்ட அரிசா டீச்சரும் சொன்னாள். பிறகு புவாலை பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இப்படிச் சொன்னா மார்க் போடலாம்னு விதியில எங்கேயும் இல்லையே."

"போடக்கூடாதுன்னும் இல்லையே டீச்சர்."

டீச்சர் போட்டாள்.

கூட்டம் கலைந்தபின் கோல்ஃப் அவள் எதிரே வந்து நின்றான். முகம் ஆறு வயதில் முதல் பல் விழுந்தபோது காட்டின முகம்.

"அம்மா, பல்கலைக்கழகத்துல பிக்குமாரையும் சேர்த்துக்குவாங்களா?"

"அங்கேயும் நாம ஒரே குழுவா? எனக்குத் தாங்காதுங்க சாமி" என்றாள் புவாலை.

இரண்டு வருஷமாகத் திருகத் தவித்த காது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது அதைத் திருகத் தோன்றவில்லை, பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்கும் வழியில்லை. புவாலை எரிச்சலோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.